பாக்குவெட்டியில் வெட்டிய தொப்புள்கொடி

என் ஆசை பாக்கியத்தக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இன்றைக்கு எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று கேட்பாய். செய்தி இருக்கிறது, அக்கா. நம்ம தனத்துக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. தேனி ஆஸ்பத்திரியில், சுகப்பிரசவம். பிள்ளை நல்ல கறுப்பு, மூக்கு மட்டும் உன் வீட்டுக்காரர் மூக்கு. தனத்தின் பெரியப்பா மூக்கு தாண்டிக் குதித்துப் பேரனுக்கு வந்திருக்கிறதே என்று எல்லோரும் சிரிக்கிறோம். உன் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நீ கடைசியாக மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என்னிடம் ஒன்று கேட்டாய். மத்தியான நேரம், வார்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரசு, நான் வெட்டுனதுனாலதேன் எம்புள்ள ராசுக்குக் காலு போச்சோ?" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்து உன் வாயில் வைத்தேன். நீ இரண்டு மடக்குக் குடித்தாய், அப்புறம் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டாய்.

பதில் தெரியாததால் சொல்லவில்லை, அக்கா. இப்போது தெரியும். நீ யாருக்காக வெட்டினாய் என்பது அப்போது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இன்று எல்லோரும் படிக்க எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நாம் இரண்டு பேரும் அண்ணன் தம்பியைக் கட்டி ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் என்றால் போடியில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் என்றே நினைத்தார்கள். நான் அந்த வீட்டுக்குள் காலை வைத்த முதல் நாள், "நீங்க சாப்பிட்டீகளா" என்று உன்னைக் கேட்டேன். "இந்த நீங்க நாங்கவெல்லாம் அத்தகிட்ட வச்சுக்க. எங்கிட்ட நீன்னு பேசு, இல்லாட்டி பேசாத" என்றாய். உனக்கு நாலு வருஷம் இளையவள் நான். எனக்கு அம்மா கிடையாது. ஒன்பது வயதில் பறிகொடுத்தேன். இருந்தது ஒரே ஒரு அண்ணன், அவனும் பெண்டாட்டி சொன்னால்தான் மூச்சு விடுவான். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போகிற யோகம் எனக்கு வாய்க்கவில்லை. உனக்கு மூன்றாவது பிரசவம், அதனால் நீயும் போகவில்லை. நம் வீட்டு ஏலக்காய்க் கடைக்குப் பின்னால் இருந்த அந்த அறையில் ஆளுக்கொரு பாயில் கிடந்தோம். உன் ராசு பிறந்து ஐந்து நாள் கழித்துத் தனம் பிறந்தாள்.

பிறக்கிறபோதே என் பெண் வம்போடுதான் வந்தாள். கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. முகமெல்லாம் நீலம். மருத்துவச்சி விரலை விட்டுக் கொடியை ஒவ்வொரு சுற்றாகத் தலைவழியாகக் கழற்றினாள். நான் எதையும் பார்க்கவில்லை, நீதான் உன் பாயிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி, இந்தா அழுதுருவா, இந்தா அழுதுருவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அவள் அழுதாள். நீயும் அழுதாய். ஐந்து நாள் பச்சை உடம்புக்காரி அப்படி அழலாமா என்று மருத்துவச்சி உன்னை வைதாள்.

அத்தை அழவில்லை. வாசற்படியில் நின்று, "மால சுத்திப் பெறந்திருக்கு. மாமனுக்கு ஆகாதே" என்றார். நம் மாமியார் சொன்னதில் புதிதாக ஒன்றும் இல்லை, ஊர் முழுக்கச் சொல்வதுதான். கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமன் நேரே பார்க்கக்கூடாது, கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி அதில் விழுகிற முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என் அண்ணன் எண்ணெயிலும் பார்க்கவில்லை. அண்ணி விடவில்லை. வராமலே இருந்துவிட்டான். தாய்வீடு என்று எனக்கு இருந்த கொஞ்சநஞ்சமும் அன்றோடு போயிற்று. வந்து வாய்த்த மருமகள் இப்படியா என்று அத்தை என்னைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிந்தது.

இந்த நிலைமையில் நான் என்ன செய்ய வேண்டும்? வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். செய்தேனா?

தனம் பிறந்த ஆறாம் நாள். அத்தை ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தார். ஏலக்காய் பொறுக்குகிற பொம்பளைகள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். நீ அசந்து தூங்கிக்கொண்டிருந்தாய். நடுக்கதவைத் திறந்தால் பக்கத்து அறையில் மூட்டை மூட்டையாய் ஏலக்காய், அரைகுறையாய்ப் பொறுக்கின காயோடு சொளகு முறம் ஒன்று தரையில் கிடந்தது. ஆறு நாளாய் சுவரையே பார்த்துக் கிடந்தவளுக்குக் கை ஊறியது. தீட்டோடு சரக்கைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும். நான் சொளகை இழுத்து வைத்துக்கொண்டு, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, வெடித்த காயையும் கறுத்த காயையும் பொறுக்க ஆரம்பித்தேன். புழுக்கமாக இருந்ததால் பிள்ளைக்குத் துணி போடவில்லை. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? ஒரு சொளகு முடித்து, குனிந்து மூட்டையில் கொட்டி, சொளகை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் கடை ஆட்கள் வந்தார்கள், மூட்டையின் வாயைத் தைத்தார்கள், லாரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம்தான் பிள்ளையின் வயிற்றைப் பார்த்தேன். தொப்புள் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காலையில் நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்த காய்ந்த கொடியைக் காணோம்.

பாயை உதறினேன். சேலையை உதறினேன். நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் தவழ்ந்து தேடினேன். கறுத்து, சுருங்கி, ஒரு சொத்தை ஏலக்காய் அளவுக்கு இருந்த சாமான் அது. கறுத்த காயைப் பொறுக்குகிற என் கைக்கு அது மட்டும் தட்டுப்படவில்லை. அது எந்த மூட்டையில் விழுந்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

உன்னை எழுப்பிச் சொன்னேன். நீ முதலில் செய்தது என்ன தெரியுமா? சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாய். "ஏடி, வடக்க எந்தச் சேட்டு வீட்டுப் பாயாசத்துல போயிக் கெடக்கப் போகுதோ!" என்றாய். நான் அழுவதைப் பார்த்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாய்.

மறுநாள் ஆசாரி தாயத்தோடு வருவதாக இருந்தது. விழுந்த கொடியைப் பத்திரமாக எடுத்து வெள்ளித் தாயத்துக்குள் வைத்து, அரக்கால் மூடி, பிள்ளையின் அரைஞாணில் கட்டுவது நம் வழக்கம். காத்துக் கருப்பு அண்டாது. பிள்ளைக்குத் தீராத நோய் வந்தால் அதே கொடியைத் தாய்ப்பாலில் இழைத்துக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். இப்படித்தான் நமக்குச் சொல்லியிருந்தார்கள், நாமும் நம்பினோம். கொடி எங்கே என்று அத்தை கேட்டால் நான் எதைச் சொல்வது? தீட்டோடு சரக்கைத் தொட்டதையா, கொடியைத் தொலைத்ததையா?

நீ உன் தலைமாட்டு வெற்றிலைப்பெட்டியைத் திறந்தாய். நாலு நாள் முன்னால் விழுந்த ராசுவின் கொடியை மஞ்சள் துணியில் சுற்றி அதில்தான் வைத்திருந்தாய். பாக்குவெட்டியை எடுத்தாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்க்கா. பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்."

"கையை எடு. ஒரே வீட்டுப் பிள்ளைக. பங்கு போட்டா ஒண்ணும் கொறஞ்சு போகாது."

'டக்' என்று ஒரு சத்தம். பாக்கு வெட்டுகிற சத்தமேதான். ஒரு பாதியை உன் துணியில் வைத்தாய், இன்னொரு பாதியை என் முந்தானை ஓரத்தைக் கிழித்து அதில் சுற்றினாய். மறுநாள் அத்தை வந்து கேட்டபோது இரண்டு பொட்டலத்தையும் நீயே எடுத்து, நீயே தாயத்துக்குள் திணித்து, ஆசாரியிடம் நீட்டிவிட்டாய். உன் மகனின் கொடியில் பாதி என் மகள் இடுப்பில் ஏறிற்று.

அதோடு முடிந்திருந்தால் நமக்குள் வைத்துச் சிரிக்கிற கதையாக இருந்திருக்கும். பாயாசம் என்ற வார்த்தையைக் கேட்டாலே நாம் இரண்டு பேரும் சிரிப்போமே, எதற்கென்று கேட்டு என் வீட்டுக்காரர் அலுத்துப்போனார். ஒரு வருஷம் அப்படி ஓடிற்று.

ராசுவுக்குப் பதினாலு மாதம். நடக்க ஆரம்பித்துத் தனத்தைத் தள்ளிவிட்டு ஓடுவான். அந்த வைகாசியில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பிள்ளையைத் தூக்கி நிறுத்தினால் வலது கால் துணி மாதிரித் தொங்கியது. போடி டாக்டர் மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னார். வண்டி பிடிக்க ஆட்கள் ஓடிய நேரத்தில் அத்தை, "கொடிய இழைச்சுக் குடுத்துட்டுக் கெளம்புங்க" என்றார். பிள்ளையின் இடுப்பிலிருந்து தாயத்தை அறுத்து, கொண்டை ஊசியால் அரக்கைக் குத்தி எடுத்து, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டினார்.

"என்னடி இது? பாதிதேன் இருக்கு? வெட்டுப்பட்டுல்ல இருக்கு!"

நான் தனத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். என் கை அவள் தாயத்தை மூடிக்கொண்டது. தானாகப் போய் மூடிக்கொண்டது, அக்கா. நான் நினைத்துச் செய்யவில்லை. நீ என்னைப் பார்க்கவே இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"வெத்தலப் பொட்டில கெடந்துச்சு அத்த. பாக்குன்னு நெனச்சு வெட்டிப்புட்டேன்."

அத்தை இருந்த பாதியை இழைத்துக் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. மதுரையில் இளம்பிள்ளை வாதம் என்று சொல்லிவிட்டார்கள். உயிர் தங்கியது, கால் சூம்பிப் போயிற்று. அன்றிலிருந்து நீ அந்த வீட்டில் 'பெத்த பிள்ள கொடிய பாக்குன்னு வெட்டுனவ'. குழம்பில் உப்புக் கூடினால் அது. பால் பொங்கினால் அது. ராசு தடுக்கி விழுந்தால் சொல்லவே வேண்டாம். விருந்தாளி வந்தால் அவர்களிடமும் அத்தை அந்தக் கதையைச் சொல்வார், நீ அவர்களுக்குக் காபி கொண்டுவந்து வைப்பாய்.

மதுரையிலிருந்து நீங்கள் திரும்பிய அன்றே அடுப்படியில் நான் உன்னிடம் சொன்னேன், "நான் சொல்லிர்றேன்க்கா, என்னால முடியல" என்று. நீ கரண்டியை ஓங்கினாய், நிஜமாகவே ஓங்கினாய்.

"சொன்ன, அடிச்சுப்புடுவேன். ஒன்னைய வெளிய அனுப்பிருவாக. எங்கன போவ? எனக்கு வைகைப் பக்கம் ஆத்தா வீடு இருக்கு, ரொம்பப் பேசுனாகன்னா நாலு நாள் போயி இருந்துட்டு வருவேன். ஒனக்கு யாரு இருக்கா?"

உன் வாயை அடைக்கிற மாதிரி நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். பாவம் என்று அழுதேன், ஆனால் உள்ளுக்குள் 'அப்பாடா' என்றுதான் இருந்தது. அப்புறம் நாளாக ஆக அந்தப் பேச்சு வீட்டில் சுவர்க்கடிகாரச் சத்தம் மாதிரிப் பழகிப்போயிற்று. நீ சிரித்துக்கொண்டே கடந்து போவாய். உனக்கு உறைக்கவில்லை என்றே நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ராசுவை ஐந்தாம் வகுப்புவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டாயே, அந்தப் பாதை முழுக்க நீ என்ன நினைத்துக்கொண்டு நடந்தாய்? மதுரையில் நீ கேட்ட அன்றுதான் எனக்குப் புரிந்தது. அத்தை சொன்னதை இத்தனை வருஷமும் நீ நம்பிக்கொண்டே இருந்திருக்கிறாய்.

இப்போது தேனிக்கு வருகிறேன். தனத்தின் பிள்ளையைத் துணியில் சுற்றி நர்ஸம்மா கொண்டுவந்து காட்டினார். தொப்புளில் துணி உலர்த்துகிற கிளிப் மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்டிக் சாமான் மாட்டியிருந்தது. நூல் இல்லை, மஞ்சள் குழைத்த விளக்கெண்ணெய் இல்லை. 'ஒண்ணும் தடவக்கூடாது, காயவிடுங்க, தானா விழும்' என்றார்கள். இதை வீட்டில் அத்தையிடம் யார் சொல்வது என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

மறுநாள் வார்டுக்கு ஒரு பெண் ஐஸ் பெட்டியோடு வந்தாள். பிள்ளையின் கன்னத்தை அமுக்கி வாயைத் திறந்து ஒரு சின்னப் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு விட்டாள்.

"இது எதுக்கும்மா?"

"போலியோ சொட்டு மருந்துங்க. இளம்பிள்ளை வாதம் வராம இருக்கறதுக்கு."

அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பிள்ளை நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுத் தூங்கிவிட்டது. இரண்டே சொட்டு, அக்கா. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

டாக்டரம்மா ரவுண்டு வந்தபோது நான் எழுந்து நின்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று கேட்டேன். "டாக்டரம்மா, விழுந்த கொடியப் பாதியா வெட்டிப்புட்டா பிள்ளைக்குக் காலு கையி போகுமா?" அவர் சிரிக்கவில்லை. என் முகத்தில் என்ன பார்த்தாரோ, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். வயிற்றுக்குள் இருக்கிறவரைக்கும் பிள்ளைக்குச் சோறும் மூச்சும் அந்தக் கொடி வழியாகத்தான் போகும். பிள்ளை வெளியே வந்து மூச்சு விட்டதும் அதற்கு வேலை முடிந்தது. காய்ந்து விழுந்த பிறகு அது நாம் வெட்டிப் போடுகிற நகம் மாதிரி. இரண்டாக வெட்டினாலும் இருபதாக வெட்டினாலும் பிள்ளைக்குத் தெரியாது. வாதம் ஒரு கிருமியால் வருவது, தண்ணீர் வழியாக, கை வழியாக. "யாரும் செஞ்சு வர்றதில்லம்மா அது" என்றார்.

அவர் போனதும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பேரன் பிறந்த வீட்டுக்காரி இப்படி அழுகிறாளே என்று பக்கத்துப் பொம்பளை எனக்கு ஆறுதல் சொன்னாள். அவள் என்னவென்று நினைத்தாளோ, தெரியாது.

இல்லை, அக்கா. நீ வெட்டியதால் இல்லை. நீ கேட்டதற்குப் பதில் இதுதான். இரண்டு வருஷம் நாலு மாதம் பிந்திவிட்டது.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராசு கம்பத்திலிருந்து வந்தான். அங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறான் என்பது உனக்குத் தெரியாதே? நீ போன அந்த வருஷம்தான் டைப்பில் ஹையர் பரீட்சை பாஸ் செய்தான். விரல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து மாணவர்கள் மிரள்கிறார்களாம். தாய்மாமன் என்ற முறையில் வெள்ளி அரைஞாணும் புதுத் தாயத்தும் வாங்கி வந்திருந்தான். இரும்புப் பட்டை வைத்த காலிபர் போட்ட காலை நீட்டிக் கீழே உட்கார்ந்து மருமகனை மடியில் வாங்கிக்கொண்டான். வீடே சிரித்துக்கொண்டிருந்தது. அப்போது கட்டிலில் இருந்த அத்தை பெருமூச்சு விட்டார்.

"காலு மட்டும் நல்லா இருந்திருந்தா ராசா மாதிரி நடந்து வருவியே. பெத்தவ பாக்குன்னு வெட்டாம..."

"அவ வெட்டல அத்த," என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. "அதாவது, வெட்டுனா. எனக்காக வெட்டுனா."

எல்லாவற்றையும் சொன்னேன். சொளகு, தீட்டு, மூட்டை, லாரி, பாக்குவெட்டி, கரண்டி. டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. உன் வீட்டுக்காரர் எழுந்து கடைப்பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், கல்லாவில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாகுற வரைக்கும் வைஞ்சேனேடி அவள. ஒரு வார்த்த சொன்னாளா?" என்றார் அத்தை. எனக்குச் சொன்ன மாதிரி இல்லை, சுவருக்குச் சொன்ன மாதிரி இருந்தது. உடனே என் பக்கம் திரும்பினார். "நீ இருந்தியே. ஒனக்கு வாய் இல்லையா?"

நியாயமாகக் கேட்டார்.

தனம் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து தன் பழைய தாயத்தைக் கொண்டுவந்தாள். நான் ஊக்கால் அரக்கைக் குத்தி எடுத்தேன். என் முந்தானைத் துணி பழுப்பாகிப் போயிருந்தது, உள்ளே ராசுவின் பாதிக் கொடி. "இந்தாப்பா, ஒன்னோடது. இத்தன வருசம் என் மக வச்சிருந்தா" என்று அவன் கையில் வைத்தேன். ராசு அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தான்.

"இம்புட்டுக்காண்டியா சித்தி வீடே இப்பிடி அழுகுது?"

"ஒன் அம்மா உசுரு விட்டதே இத நெனச்சுத்தேன்டா."

அவன் மருமகனின் காலைப் பிடித்துப் பார்த்தான், வலது கால். அப்புறம் கொடியைத் துணியில் சுற்றித் தனத்திடமே கொடுத்தான். "அம்மா ஒனக்குக் குடுத்தது. நான் திருப்பி வாங்குனா அது மேல இருந்து கரண்டியத் தூக்கி எறியும். வையி" என்றான். உன் மகன்தான், அக்கா. சந்தேகமே வேண்டாம்.

அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், காபி வைத்தால் குடிப்பார், பேச்சு மட்டும் கிடையாது. நீ இருந்திருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று எனக்கு ஜாடை காட்டிச் சிரித்திருப்பாய். தொப்புளில் ஒன்றும் தடவக்கூடாது என்று சொன்னதற்குக்கூட என்னிடம் சண்டைக்கு வரவில்லை. தனத்திடம் போய், "ஒன் டாக்டரு சொன்னா சரிதேன்" என்றார். இனி என்னோடு சண்டைகூடக் கிடையாதா என்று எனக்குப் பயமாகிவிட்டது.

நேற்றுக் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கொடி விழுந்தது. இந்தத் தடவை என் கண் முன்னாலேயே விழுந்தது, ஏலக்காய் ஒன்றும் பக்கத்தில் இல்லை. துணியில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அத்தை கையை நீட்டினார். கொடுத்தேன். தன் வெற்றிலைப்பெட்டியை இழுத்துப் பாக்குவெட்டியை எடுத்தார். பார்வை மங்கிப்போன கண்ணை இடுக்கிக்கொண்டு, கொடியை நடுவில் வைத்து, 'டக்' என்று வெட்டினார்.

அத்தை இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். புகையிலைக்கும் சாவிக்கும் அடியிலிருந்து ஒரு கறுத்த வெள்ளித் தாயத்து வந்தது. ராசுவின் தாயத்து. பிள்ளை இடுப்பிலிருந்து அன்றைக்கு அறுத்தாரே, அதேதான். வெறும் தாயத்தை இத்தனை வருஷமும் பையில் வைத்துக்கொண்டுதான் உன்னை வைதிருக்கிறார். வெட்டினதில் ஒரு பாதியைப் பிள்ளைக்கென்று ஒதுக்கிவிட்டு, மறுபாதியை அதற்குள் தள்ளினார். வாய் எது என்று கண்ணுக்குத் தெரியாமல் மூன்று தடவை தள்ளினார். என் கையில் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம ராசு வந்தான்னா இதக் குடு."

பேசிவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷம். "நீங்களே குடுங்க அத்த" என்றேன்.

"நான் குடுத்தேன்னு சொல்லாத. பாக்கியம் குடுத்தான்னு சொல்லு."

உன் பெயரை அத்தை சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று, அக்கா? அந்தப் பட்டப்பெயருக்கு அப்புறம் நீ அவருக்குப் பாக்கியமாக இருந்ததே இல்லையே. எனக்குத் தெரியும், அது நகம் மாதிரிதான், அதற்கு ஒரு சக்தியும் கிடையாது. டாக்டரம்மா சொன்னதை நான் நம்புகிறேன். இருந்தாலும் அந்தத் தாயத்தை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரும்வரை அவிழ்க்க மாட்டேன்.

நீ இருந்தபோது எனக்கு வாய் இல்லை. இப்போது இருக்கிறது. உன்னை யாராவது தப்பாக ஒரு வார்த்தை சொன்னால், அது அத்தையாகவே இருந்தாலும், அந்த இடத்திலேயே எழுந்து சொல்வேன், வெட்டியது எனக்காக என்று. பேரனுக்கு அடுத்த சொட்டு ஆறாம் வாரம். தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். நானே தூக்கிக்கொண்டு போவேன். போகும்போது, நீ ராசுவை இடுப்பில் வைத்து நடந்த அந்தப் பள்ளிக்கூடப் பாதையிலேயே போவேன். நம் வீட்டில் இனிப் பிறக்கிற ஒரு பிள்ளையின் காலுக்கும் பெற்றவள் பதில் சொல்லும்படி விட மாட்டேன், அக்கா. இது சத்தியம்.

தாயில்லாதவளுக்கு உன் மகன் கொடியில் பாதியைக் கொடுத்தாயே,
அந்தத் தங்கச்சி,
உன் ஓரகத்தி சரசு